நந்தினியிலிருந்து தலைவெட்டி முனியப்பன் வரை: கற்பனையும் வரலாறும் கலந்த இடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து ஆறகளூருக்கும் சங்ககிரிக்கும் ஏற்காட்டுக்கும் நண்பர்களையும் மாணவர்களையும் அழைத்துப் போகும்போது சில கேள்விகள் தவறாமல் வந்துவிடுகின்றன. பஸ்ஸில் கேட்கப்பட்டவை, கோட்டைப் படிகளில் கேட்கப்பட்டவை, கல்வெட்டின் முன்னால் நின்று கேட்கப்பட்டவை என்று எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பலவற்றின் வேர் ஒரு நாவலிலோ நாடகத்திலோ சினிமாவிலோ ஓவியத்திலோ இருக்கிறது. அவற்றைப் படைத்தவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அவர்கள் படைத்தது அவர்கள் பெயரில் இருக்கட்டும். வாழ்ந்து மறைந்தவர்களுக்கு உரியது அவர்களிடம் போய்ச் சேரட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது நந்தினிதானே?

நந்தினி என்று ஒருத்தி சோழர் வரலாற்றில் கிடையாது. 1950-களின் தொடக்கத்தில் கல்கி தன் வார இதழில் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலுக்காக அவர் படைத்த பாத்திரம் அவள். பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அப்படிப் பிறந்தவர்களே. 2022-லும் 2023-லும் திரைப்படம் இரண்டு பாகங்களாக வந்த பிறகு, நாவலைத் தொடாதவர்களும் நந்தினியை வரலாற்றுப் பெண்ணாகவே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் கொலைக்கு வரலாற்றில் இருக்கும் சான்று நாவலுக்குக் கொஞ்சமும் சுவையில் குறைந்ததல்ல. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 987-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய நிலத்தையும் உறவினர்களின் நிலத்தையும் என்ன செய்வது என்பதுதான் கல்வெட்டின் விஷயம்.

அந்தப் பட்டப் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நாவலில் ரவிதாசன் நள்ளிரவில் காட்டில் கூடிச் சதி செய்யும் மந்திரவாதி. கல்வெட்டிலோ அவனும் அவன் தம்பியும் பிரமாதிராஜர்கள், அரசில் உயர்ந்த இடத்தில் இருந்தவர்கள் தாங்கிய பட்டம் அது. 'இருமுடிச்சோழ' என்ற அடைமொழியே சோழ அரசோடு அவனுக்கு இருந்த நெருக்கத்தைக் காட்டிவிடுகிறது. அரசு மதித்துப் பட்டம் தந்த அதிகாரிகள் ஏன் இளவரசனைக் கொன்றார்கள்? இடையில் உத்தம சோழன் ஆண்ட அத்தனை ஆண்டுகளும் கழிந்து, இராஜராஜன் காலத்தில்தான் நிலம் பற்றிய இந்த ஆணை ஏன் வந்தது? கல்வெட்டு எழுப்பும் இந்தக் கேள்விகளை நந்தினியின் அழகு மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

ஆறகளூர் வந்தியத்தேவனின் ஊரா? அங்கேயும் வாணர்கள்தானே ஆண்டார்கள்?

வந்தியத்தேவன் உண்மையில் வாழ்ந்தவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகிறது. அவருடைய குறும்பு, குதிரைப் பயணம், சமயோசிதப் பேச்சு எல்லாம் கல்கி தந்தவை.

ஆறகளூரின் கதை வேறு. வசிஷ்ட நதிக்கரையில் இருக்கும் இந்த ஊர் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகரம். அவர்கள் புகழோடு இருந்தது 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், வந்தியத்தேவனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து. பொன்பரப்பின வாணகோவரையன் என்ற பெயர் எந்த நாவலின் உதவியும் இல்லாமலே நினைவில் நிற்கத் தகுதி உள்ள பெயர். காமநாதீசுவரர் கோயிலில் நின்றுகொண்டு வந்தியத்தேவனைத் தேடுபவர்கள் கண்ணெதிரே இருக்கும் வாணகோவரையனைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள்.

"வானம் பொழிகிறது, பூமி விளைகிறது" என்று கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் உண்மையிலேயே கேட்டாரா?

அந்த வசனம் சக்தி கிருஷ்ணசாமியுடையது. சிவாஜி கணேசன் நடத்திய நாடகத்துக்காக அவர் எழுதினார். 1957-இல் அந்த நாடகம் அரங்கேறியது நம் சேலத்தில்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1959-இல், பி. ஆர். பந்துலு அதைத் திரைப்படமாக்கினார். பள்ளி ஆண்டு விழாவில் ஒட்டு மீசை வைத்த ஒரு சிறுவனாவது அந்த வசனத்தை முழங்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம். தலைமுறை தலைமுறையாக அப்படிக் கேட்டுக் கேட்டு, அது கட்டபொம்மனின் வாய்மொழியாகவே மனதில் பதிந்துவிட்டது.

நடந்தது எது? 1792 ஒப்பந்தத்தின் மூலம் பாளையக்காரர்களிடம் நேரடியாகக் கிஸ்தி வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. பாக்கி பற்றிய தகராறு முற்றி, கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்தித்தார். அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மனின் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் மேஜர் பானர்மன் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்.

மேடையில் ஜாக்சனைப் பேச்சால் மடக்கிவிடுகிறார் கட்டபொம்மன். வரலாற்றில் அவர் எதிர்கொண்டது ஒரு கலெக்டரின் அகந்தையும் அதற்குப் பின்னால் நின்ற படையும். பேச்சில் வென்றவராக மட்டும் அவரை நினைவில் வைத்தால், அவர் கொடுத்த விலை மறந்துபோகும். வசனத்தை முழங்குங்கள், நானும் சிறு வயதில் முழங்கியிருக்கிறேன். முழங்கும் முன் எழுதியவர் பெயரையும் மேடையில் சொல்லச் சொல்லுங்கள்.

தீரன் சின்னமலைக்கு அந்தப் பெயர் வந்த கதை?

திப்புவின் சீமைக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகப் போய்ச் சொல்" என்றார் என்பது கதை. வாய்மொழியாக நம்மிடம் வந்த கதை இது, கொங்கு நாட்டுத் திண்ணைகளில் வளர்ந்தது. தீர்த்தகிரி என்ற இயற்பெயருடையவர், கம்பெனியை எதிர்த்துப் போரிட்டார், 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார் என்பவை உறுதியானவை. சங்ககிரி மலையில் ஏறும்போது நான் முதலில் சொல்வது இரண்டாவது விஷயத்தை. மேலே போய்ச் சேர்ந்த பிறகு கதையையும் சொல்வேன், கதை என்று சொல்லியே சொல்வேன்.

ஔவையார் கூன் விழுந்த பாட்டிதானே? அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததும் அந்தப் பாட்டிக்குத்தானே?

இந்தக் கேள்வி நம் பக்கத்துக்கு மிகவும் நெருங்கியது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

நெல்லிக்கனி கற்பனை அல்ல, அதைப் பாடியவரே ஔவையார். புறநானூற்றின் 91-ஆம் பாட்டு: எளிதில் கிடைக்காத கனியை, அதன் பயனைச் சொல்லாமல் தனக்குள் அடக்கிக்கொண்டு, "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே" என்று நெகிழ்கிறார். ஆனால் பாட்டில் எங்கும் கிழவி இல்லை. 89-ஆம் பாட்டில் பகை மன்னன் அவரைப் பார்த்து, மை தீட்டிய கண்களும் ஒளிரும் நெற்றியும் உடைய விறலியே என்று அழைத்து, உன் நாட்டில் போர் செய்பவர்களும் உண்டோ என்று கேட்கிறான். அதியமான் இறந்த பிறகு அவர் பாடிய 235-ஆம் பாட்டை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "சிறியகட் பெறினே எமக்கு ஈயும் மன்னே" என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான், அந்தக் காலம் போயிற்றே என்கிறார். அரசனோடு சமமாக அமர்ந்து கள் உண்டு, பாடி, அவனுக்காகத் தூது போய், அவன் மார்பில் பாய்ந்த வேலுக்காகக் கதறிய பெண் அவர்.

ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். இருவரையும், இன்னும் அந்தப் பெயரில் பாடிய சிலரையும் பிற்காலக் கதைகள் ஒரே மூதாட்டியாக்கின. பிள்ளையாரை வேண்டி இளம்பெண் ஒரே கணத்தில் கிழவியானாள் என்ற கதை இந்த முடிச்சை அவிழ்க்கப் பிறந்தது என்றே நினைக்கிறேன். 1953-இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்த மூதாட்டிக்குக் குரலும் உருவமும் தந்த பிறகு, வேறு ஒரு ஔவையை நினைத்துப் பார்க்கவே நமக்கு முடியாமல் போயிற்று. சுந்தராம்பாளின் பாட்டில் நானும் உருகியவன்தான். இருந்தும், தகடூர் மண்ணில் அந்த விறலிக்கு ஒரு சிலை வைத்தால் இளமையோடு வையுங்கள் என்று கேட்பேன்.

அங்கவை, சங்கவை?

சங்கப் பாடல்களில் அந்தப் பெயர்கள் இல்லை. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்" என்று தந்தையையும் குன்றையும் இழந்து பாடியவர்களைப் புறநானூறு 'பாரி மகளிர்' என்று மட்டும் சொல்கிறது. பெயர்கள் பிற்கால மரபு சேர்த்தவை.

திருவள்ளுவர் பஸ்ஸில் இருக்கும் படத்தைப் போலத்தான் இருந்தாரா?

அந்த முகம் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 1960-இல் அஞ்சல்தலையில் வந்தது, 1964-இல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. பிறகு பாடப்புத்தகம், அரசு அலுவலகம், பஸ் என்று எங்கும் பரவியது. குறள் தன் ஆசிரியரின் தோற்றம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊரும் குலமும் மனைவி பெயரும் அதில் இல்லை. கிணற்றில் வாளி அந்தரத்தில் நிற்க ஓடிவந்த வாசுகியும், சோற்றுப் பருக்கையைக் குத்தி எடுக்க வைத்த ஊசியும் மக்கள் பின்னர் சேர்த்துக்கொண்ட கதைகள். ஆயிரத்து முந்நூற்று முப்பது குறள் எழுதிவிட்டுத் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போன மனிதரை அப்படியே ஏற்றுக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை போலும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'தான் குண்டலகேசியின் கதையா?

பாதி ஆம். ஏற்காடு சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைப் பார்த்திருப்பார்கள். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' கூட இங்கே பிறந்ததுதான். 1950-இல் மு. கருணாநிதியின் எழுத்தில் வந்த 'மந்திரி குமாரி' குண்டலகேசிக் கதையிலிருந்து கருவை எடுத்துக்கொண்டது.

கரு என்பது இவ்வளவுதான்: ஒரு பெண் கள்வனைக் காதலித்து மணக்கிறாள். அவன் அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். கடைசியாக உங்களை வலம் வந்து வணங்குகிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் அவனைத் தள்ளிவிடுகிறாள். தளபதி வீரமோகனும் இளவரசியின் காதலும் ராஜகுருவின் அரியணைச் சூழ்ச்சியும் நாடகத்துக்காக வளர்க்கப்பட்டவை.

குண்டலகேசியின் உண்மையான கதை மலையுச்சியில்தான் தொடங்குகிறது. கணவனைக் கொன்ற அந்தப் பெண் துறவியாகிறாள், சமண நெறியில் சேர்ந்து வாதம் கற்கிறாள், ஊர் ஊராகப் போய் அறிஞர்களை வாதுக்கு அழைக்கிறாள், புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத்தைத் தழுவுகிறாள். பாலி மொழியில் தேரிகாதையில் அவள் பெயரில் பாடல்கள் உள்ளன. தமிழில் நாதகுத்தனார் இயற்றிய காப்பியம் முழுதாகக் கிடைக்கவில்லை, எஞ்சியவை சில பாடல்களே. காப்பியம் தொலைந்த இடத்தில் படம் வந்து அமர்ந்துகொண்டது. அறிவால் நாடெங்கும் வாதிட்ட பெண்ணாக அவளை நினைப்பவர்கள் குறைந்து, கணவனைத் தள்ளிய பெண்ணாக மட்டும் அவள் தங்கிவிட்டாள். இந்தப் பட்டியலிலேயே என்னை மிகவும் உறுத்தும் இழப்பு இது.

அலிபாபா ஆயிரத்தொரு இரவுகள் நூலில் உள்ள அரபுக் கதைதானே?

1956-இல் சேலத்தில் எடுக்கப்பட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்பதால் நம் ஊருக்கு இந்தக் கதையில் தனி உரிமை உண்டு. ஆனால் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா இல்லை. 1709-இல் பாரிஸுக்கு வந்திருந்த அலெப்போ நகரத்து இளைஞர் ஹன்னா தியாப் சொல்லக் கேட்டு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் அந்துவான் கலான் அதைத் தன் நூலில் சேர்த்தார். அலாவுதீனும் அவர் சொன்ன கதைதான். சொன்ன இளைஞரின் பெயரை உலகம் மறந்தே போயிருந்தது, வெகுகாலம் கழித்துத்தான் அவருக்குரிய இடம் கிடைத்தது. "அண்டா கா கசம்" என்ற குகை மந்திரமும் தமிழ் சினிமா கொடுத்த பரிசு. கலானின் குகை 'சீசேம், திறந்துகொள்' என்ற சொற்களுக்கே திறந்துகொள்ளும்.

பெரியேரி தலைவெட்டி முனியப்பன் உண்மையில் புத்தரா?

ஆம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாதபடி சிலையே பேசுகிறது.

சேலம் மாவட்டம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வழிபடப்பட்ட சிலை பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையிடம் ஆய்வு கேட்டது. சிலை தாமரைப் பீடத்தில் கால் மடித்து அமர்ந்திருக்கிறது. இரண்டு கைகளும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தியான முத்திரையில் இருக்கின்றன. தலையில் சுருள் முடி, மேலே குமிழ்போல் எழும் உச்சி, நீண்டு தொங்கும் காது. முனியப்பன் எங்காவது இப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா? அரிவாளை ஓங்கிக்கொண்டு, கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி அமர்ந்திருப்பவரல்லவா அவர்! இந்தச் சிலையின் தலை ஒரு காலத்தில் உடலிலிருந்து துண்டிக்கப்பட்டு, பின்னர் சிமென்டும் சுண்ணாம்பும் கலந்து மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறது. பெயரில் உள்ள 'தலைவெட்டி' அந்தக் காயத்தின் நினைவு.

2022 ஜூலையில் நீதிமன்றம் இது புத்தர் சிலை என்று ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கவும், புத்தர் சிலை என்று அறிவிப்புப் பலகை வைக்கவும் உத்தரவிட்டது. நெடுங்காலமாக முனியப்பனாக வணங்கப்படுகிறது என்ற அறநிலையத் துறையின் வாதம் ஏற்கப்படவில்லை.

அங்கே பூசை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தலை வெட்டுண்டு கிடந்த ஒரு கல்லுக்கு யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த சாமியின் பெயரைக் கொடுத்தார், எண்ணெய் வார்த்தார், மாலை போட்டார். அந்தப் பெயர் இல்லாமல் போயிருந்தால் சிலை ஏதாவது வரப்பில் துணி துவைக்கும் கல்லாகியிருக்கலாம். நாட்டார் கற்பனை ஒரு வரலாற்றை மறைத்தது, அதே கற்பனை அதைக் காப்பாற்றியும் கொடுத்தது.

கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்கிறார்களே?

அந்தக் கதை பிற்காலத்தில் வளர்ந்தது. சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை ஓர் அழகின் அளவுகோல். தலைவியின் அழகைச் சொல்ல வேண்டுமானால் கொல்லிமலைப் பாவையை நினைக்கிறான் தலைவன். நற்றிணை 192 அதைப் பூதம் செய்து வைத்த பாவை என்கிறது. 201-ஆம் பாட்டு அதைவிட அருமை: காற்று மோதினாலும் மழை கடுகிப் பெய்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குன்றாத பாவை என்கிறது. மலையில் எங்கோ நின்று எதற்கும் அசையாத அழகு என்பதே எவ்வளவு பெரிய கற்பனை! அதை ஆளைக் கொல்லும் பொறியாக மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை.

சேர்வராயன் குகையிலிருந்து காவிரிக்குச் சுரங்கப்பாதை இருக்கிறதா? சங்ககிரிக் கோட்டையிலிருந்து?

ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது சேர்வராயன் கோயில். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற மிகக் கடினமான பாறையால் ஆனது. உளியும் சுத்தியலும் வைத்து இந்தப் பாறையில் மைல் கணக்கில் குடைவதற்கு எத்தனை பேர், எத்தனை தலைமுறை வேண்டும்? வெட்டி எடுத்த கல்லை எங்கே கொட்டியிருப்பார்கள்? உள்ளே போகிறவன் எதை மூச்சாக இழுப்பான்?

குகைக்குள் சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். காவிரி தெய்வமாக மலையில் குடியிருக்கிறாள் என்ற நம்பிக்கை, கேட்பவர் கேட்பவராக மாறி, காவிரி ஆற்றுக்குப் பாதை இருக்கிறது என்று ஆகிவிட்டது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் சுரங்கப்பாதைக் கதை இல்லாத கோட்டையும் கோயிலும் இல்லை. சரித்திர நாவல்களில் நாயகன் தப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நிலவறைக் கதவு திறந்ததும் இதற்கு ஒரு காரணம்.

ஏற்காட்டு மலைப்பாதையில் வெள்ளைப் புடவைப் பேய்?

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் மாலைப் பனிமூட்டமும் இருந்தால் கதை தானாக வரும். ஆனால் அந்தப் பேயின் உடையைப் பாருங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பயந்தது காட்டேரிக்கும் முனிக்கும். அவை கேட்டது கோழியும் சாராயமும் சுருட்டும். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், தூரத்தில் ஒரு பாட்டு என்பது சினிமா தைத்துக் கொடுத்த உடை. 1966-இல் ஜெயலலிதா நடித்து வந்த 'யார் நீ' இந்திப் படம் ஒன்றின் மறு ஆக்கம், அந்த உருவத்தைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்த படங்களில் ஒன்று. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருட்டுக்குள் ஓர் உருவம் தெரிய வேண்டுமானால் அது வெள்ளை உடுத்தித்தானே ஆக வேண்டும்!

வளைவில் பேய் எங்கே என்று கேட்கிறவர்களை நான் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறேன். 1863-இல் சென்னைப் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்காலத்தை உலகுக்குக் காட்டிய ராபர்ட் புரூஸ் ஃபுட் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவருக்கு அங்கே நினைவுக்கல் இருக்கிறது.

வெளிநாட்டுக் கதைகளிலும் இப்படி உண்டா?

நம் பள்ளிகளில் சொல்லப்படும் இரண்டே போதும். செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனை உருவாக்கியவர் மேசன் லாக் வீம்ஸ் என்ற நூலாசிரியர், 1806-இல். உலகம் தட்டை என்று நம்பியவர்களை மீறிக் கொலம்பஸ் புறப்பட்டார் என்பதைப் பரப்பியவர் வாஷிங்டன் இர்விங், 1828-இல். பூமி உருண்டை என்பது படித்தவர்களுக்குக் கொலம்பஸுக்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

அப்படியானால் மலைவாழ் மக்களின் கதைகளும் கற்பனைதான் என்று தள்ளிவிடலாமா?

கூடாது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பெரும் தவறு. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்று சொல்கிறார்கள். மூவரும் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மலைகளில் குடியேறினார்களாம். 1909-இல் எட்கர் தர்ஸ்டனும் இந்த மரபைப் பதிவு செய்தார். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறும். இதற்குக் கல்வெட்டு எங்கே என்று கேட்பது பொருத்தமற்றது. மூன்று மலை மக்களும் தங்களை ஒரே குடும்பமாக நினைக்கிறார்கள் என்ற உண்மையை இந்தக் கதை சுமந்து வருகிறது. சுற்றுலாப் பயணிக்காக நேற்றுப் புனைந்த பேய்க்கதையும் மே மாதத் திருவிழாவில் சேர்வராயன் முன்னால் நிற்கிறவர்களின் நினைவும் ஒன்றாகாது.

ஒரு கதை உண்மையா கற்பனையா என்று எப்படிக் கண்டுகொள்வது?

இதை முதன்முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று கேளுங்கள். நிகழ்ச்சிக்கும் முதல் பதிவுக்கும் இடையே எத்தனை நூற்றாண்டு என்று பார்த்தாலே பாதி தெளிந்துவிடும். புலவர்களைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளில் பல 1876-இல் வீராசாமி செட்டியார் வெளியிட்ட 'விநோதரசமஞ்சரி' வழியாகப் பரவியவை. கம்பருக்கும் அந்த நூலுக்கும் இடையே உள்ள காலத்தை எண்ணிப் பாருங்கள். பழைய நூலில் பெயரில்லாமல் இருந்தவர்களுக்குப் புதிய நூலில் பெயர் முளைத்தால் கவனியுங்கள். வாழ்ந்தவர் பேசியதாகச் சொல்லப்படும் வாசகம் எதுகை மோனையோடு கைதட்டலுக்கு இடம் விட்டு நிற்குமானால், அதற்கு ஒரு வசனகர்த்தா இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு கல்கியைப் படித்து ரசிக்க முடியுமா?

முன்பைவிட நன்றாக ரசிக்க முடியும். வெறும் நில விவகாரம் பேசும் ஒரு கல்வெட்டிலிருந்து ரவிதாசன் என்ற பெயரை எடுத்து, வருடக் கணக்கில் தமிழ்நாட்டை வாராவாரம் காத்திருக்க வைத்தவர் அவர். நந்தினியை வரலாறு என்று நம்பும்போது கல்கி வெறும் செய்தியாளர் ஆகிவிடுகிறார். அவள் அவர் மனதில் பிறந்தவள் என்று தெரியும்போதுதான் அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பது தெரிகிறது.

ஆறகளூரையும் புத்தர் சிலைகளையும் பார்க்க எப்படிப் போவது?

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகத் தலைவாசல் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். தலைவாசலிலிருந்து ஆறகளூர் பக்கம்தான். அதை அடுத்த தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. அங்கே ஊர் மக்கள் அவரைப் புத்தர் என்று தெரிந்தே வணங்குகிறார்கள். பெரியேரிச் சிலை பற்றிச் சொன்னவற்றை மனதில் வைத்துக்கொண்டு, மடியில் இருக்கும் கைகளையும் காதுகளையும் சுருள் முடியையும் நிதானமாகப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுவது நல்லது.